பழைய வாளைத் துலக்காதீர்கள்!

சேர்வராயன் மலையில் வாழவந்தி முதலிய ஊர்களிலிருந்து சேலத்துக்கு இறங்கி வருபவர்கள், நகருக்கு மேற்கே தனித்து நிற்கும் கஞ்சமலையை அறிவார்கள். அதன் பாறைகளில் காந்த இரும்புத் தாது படிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் சேலம் வட்டாரத்தில் உருக்கப்பட்ட எஃகு, உலகின் சிறந்த எஃகு வகைகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றிருந்தது. எனினும் அந்த எஃகால் ஆன பழைய வாள் ஒன்று நம் கையில் கிடைத்தால், அதை நாம் அடையாளம் காண்போமா?

நம் நாட்டில் எத்தனையோ வீடுகளின் பரண்களில் பாட்டனார் காலத்து வாளோ கட்டாரியோ கிடக்கக்கூடும். ஆயுத பூஜை வந்தால் அது கீழே இறங்கும். புளியும் செங்கற்பொடியும் கொண்டு அழுத்தித் துலக்குவோம். வாள் பளபளக்கும், நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த வாள் தன்னைப் பற்றிச் சொல்லக் கூடியவற்றில் பாதியை நாம் அந்த ஒரு மணி நேரத்தில் அழித்திருப்போம். எப்படி என்று பார்ப்போம்.

எஃகின் மேல் எழுதியிருப்பது

1800-ஆம் ஆண்டை ஒட்டித் தென்னிந்தியாவில் பயணம் செய்த புக்கானனும், பின்னர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத்தும், நம் கொல்லர்கள் எஃகு செய்த முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங்கட்டையுடன் சிறு மண் மூசையில் இட்டு, பச்சிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இத்தகைய மூசைகள் பலவற்றை உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவார்கள். கட்டையிலும் இலையிலும் உள்ள கார்பனை இரும்பு ஈர்த்துக்கொண்டு உருகும். ஆறியபின் மூசையை உடைத்தால், ஒரு கிலோவுக்கும் குறைவான எஃகுக் கட்டி கிடைக்கும். மேனாட்டார் இதனை 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். 1795-இல் பியர்சன் என்பவர் இதைப் பற்றி லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை அளித்தார். மைக்கேல் பாரடேயும் இதை ஆராய்ந்து, அலுமினியமே இதன் சிறப்புக்குக் காரணம் என்று முதலில் கருதினார். அது தவறான முடிவு.

உண்மைக் காரணம் கார்பனே. இந்த எஃகில் அது ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சதவிகிதம் வரை இருக்கிறது. கட்டியை மிதமான சூட்டில் பலமுறை காய்ச்சி அடிக்கும்போது, இரும்பும் கார்பனும் சேர்ந்த சிமென்டைட் என்னும் கடினமான துகள்கள் வரிவரியாக அணிவகுக்கின்றன. தாதுவிலிருந்து வரும் வனேடியம் போன்ற தனிமங்கள், மிகச் சிறிதளவே இருந்தாலும், இந்த அணிவகுப்புக்கு உதவுகின்றன என்று 1998-இல் வெர்ஹூவனும் அவருடைய தோழர்களும் விளக்கினார்கள். அலகை மெருகிட்டு அன்னபேதிக் கரைசல் தடவினால், கருநிறத் தரையில் வெண்ணிற அலைகள் தோன்றும்.

இதைத்தான் நம் செங்கற்பொடி தேய்த்து மறைத்துவிடுகிறது. வரிகள் அலகின் உள்ளேயும் ஓடுவதால், தேர்ந்த வல்லுநர் அவற்றை மீண்டும் வெளிக்கொணரலாம். ஆனால் மேற்பரப்பில் வெட்டிய முத்திரை, இழைத்த பொன், பொறித்த எழுத்து ஆகியவை தேய்ந்தால் தேய்ந்தவைதாம். வாளைச் செந்தணலில் இட்டுக் காய்ச்சினாலோ அலைவரிகளே கரைந்துவிடும்.

எடைக்கு விற்ற வரலாறு

ஒரு வீட்டில் நடப்பது ஓர் அரண்மனையிலும் நடந்திருக்கிறது. தஞ்சாவூரின் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு முடிவுற்றது; ஆயுதசாலைக்கு உடையவர் இல்லாமற் போயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வாள்களும் கட்டாரிகளும் ஈட்டிகளும் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக எடைக்கு விற்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில மட்டும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அப்பொழுது அவற்றைக் கண்ட வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி, 1878-இல் இது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று நாம் காணும் தஞ்சைக் கட்டாரிகள் அப்படித் தப்பியவை.

அவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. யாளி உருவமும் துளையிட்ட பூவேலையும் கொண்ட பிடி தஞ்சையில் ஆனது. அலகோ பல கட்டாரிகளில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது! பிடியையும் அலகையும் ஆணி அறைந்து பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே 'தென்னாட்டு வாள் என்றால் சேலத்து எஃகு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. பிடி ஒரு கதை சொல்லும். அலகு வேறு கதை சொல்லும். இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

ஜப்பானியர் செய்தது என்ன?

ஜப்பானிலும் இதே ஆபத்து வந்தது. 1876-இல் அந்நாட்டு அரசு, சாமுராய் வீரர்கள் பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாட்கொல்லர்கள் பிழைப்பை இழந்தனர். 'த்சுபா' எனப்படும் கைக்காப்புத் தகடுகள் முதலிய அழகிய உறுப்புகள் ஏராளமாக மேனாடுகளுக்குப் போயின. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல், ஆக்கிரமிப்புப் படையினர் வாள்களைப் பறிமுதல் செய்தனர், பல அழிந்தன.

ஆயினும் அங்கே ஒரு வேறுபாடு இருந்தது. வாளை மதிப்பிடும் கலை அங்கே பல நூற்றாண்டுகளாக வளர்ந்திருந்தது. ஹோனாமி என்ற குடும்பம் தலைமுறைகளாக அதையே தொழிலாகச் செய்து வந்தது. 1719-இலேயே ஷோகன் யோஷிமுனேயின் ஆணைப்படி, புகழ்பெற்ற வாள்களின் பட்டியல் ஒன்றை அக்குடும்பத்தினர் தொகுத்தனர். எது கலைப்பொருள், எது பட்டறையில் மலிவாகச் செய்த படைக்கருவி என்று பிரித்துச் சொல்ல ஆள் இருந்தது. அதனால் கலைவாள்களைக் காக்கக் கோர முடிந்தது. 1948-இல் அதற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1977-இல் ஷிமானே மாநிலத்தில், இரும்பு மணலிலிருந்து வாள் எஃகு உருக்கும் பழைய உலையையும் மீண்டும் மூட்டினார்கள்.

ஜப்பானிய மதிப்பீட்டாளர் முதலில் அலகின் வடிவத்தையும் வளைவையும் பார்ப்பார். அடுத்து, எஃகை மடித்து மடித்து அடித்ததால் உண்டான மரவரி போன்ற தோற்றத்தைப் பார்ப்பார். பின்னர் விளிம்பை ஒட்டி ஓடும் வெண்மையான கோட்டைக் கவனிப்பார். களிமண் பூசி நீரில் தோய்க்கும்போது, விளிம்பு விரைவில் குளிர்ந்து கடினமாவதால் அக்கோடு உண்டாகிறது. கடைசியாகத்தான் பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதியில் கொல்லன் பெயரைத் தேடுவார். போலிக் கையெழுத்துகள் மிகுதி என்பதால், பெயரை மட்டும் அவர் நம்புவதில்லை.

அந்த அடிப்பகுதியில் படிந்த துருவை ஜப்பானியர் ஒருபோதும் துடைப்பதில்லை. வாளின் வயதுக்கு அந்தத் துருவின் நிறமே சாட்சி. நாம் அழுக்கு என்று நினைப்பதை அவர்கள் ஆவணமாகப் படிக்கிறார்கள்!

நாம் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் பழைய வாள் இருந்தால் அமிலம், உப்புத்தாள், சாணைக்கல் எதையும் அதனருகே கொண்டு செல்லாதீர்கள். மெல்லிய துணியால் தூசியைத் தட்டி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நீளம், எடை, முத்திரை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிடியையும் அலகையும் தனித்தனியே படம் எடுங்கள். அது யாரிடமிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு சேலம் அல்லது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். வாளுக்குச் சேதமின்றி நியூட்ரான் கற்றையைச் செலுத்தி உள்ளமைப்பைக் காணும் வசதியும் இன்று உலகில் உண்டு; ஜப்பானிய வாள்களும் இந்திய வாள்களும் இவ்வாறு ஆராயப்பட்டுள்ளன. நூறு ஆண்டுகளைக் கடந்த இத்தகைய கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேலம் வட்டாரத்து மூசை உலைகள் அணைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அந்தக் கொல்லர்கள் தங்கள் நுட்பத்தை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. எஃகிலே விட்டுச் சென்றார்கள். அடுத்த ஆயுத பூஜையில் வாளுக்குப் பொட்டிட்டுப் பூச்சூட்டுங்கள். புளியும் செங்கற்பொடியும் மட்டும் வேண்டாம்.