ஈய லம்பமும் கணினிச் செயலியும்

கமுந்திங்வாசிகளுக்கு ஈயத்தின் சரித்திரம் புதிதன்று. கிலியான் பாரு என்ற பெயரோடு கீ ஹின் என்ற சீனக் கூட்டத்தாரின், ஈயம் தோண்டும் லம்பக் குடியிருப்பாக இருந்து, பக்கத்திலிருந்த ஹாய் சான் கூட்டத்தாரோடு மூண்ட லாருட் யுத்தங்களில் சீரழிந்து, 1874 ஜனவரியில் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னரே அமைதி கண்டது இவ்வூர். 1885 ஜூன் முதல் தேதியன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு ஓடத் தொடங்கிய மலாயாவின் முதல் ரயிலுக்கும் இவ்வட்டாரத்து ஈயமே பிரதான சரக்கு.

லம்பங்கள் குளங்களாகிப் பல காலமாயிற்று. ஆயினும் விளையாட்டுக்கென்று நம் பிள்ளைகள் ஆசைப்படும் மடிக்கணினியில், செயலியைப் பலகையோடு பிணைக்கும் பற்றாசில், 2006 ஜூலையில் ஐரோப்பியச் சட்டம் காரீயத்தை விலக்கியது முதல், பெரும்பாலும் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இருப்பது அந்த வெள்ளீயமே.

செயலியோடு இவ்வட்டாரத்துக்கு வேறொரு சம்பந்தமும் உண்டு. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு கம்பெனிகளும் தொழிற்சாலை அமைத்தன. பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விலைபோய்க்கொண்டிருந்த அக்காலத்தில், மரம் சீவிய குடும்பங்களின் பெண்மக்களும் கம்பெனி பஸ் ஏறி இத்தகைய ஆலைகளுக்குப் போனார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் பொருத்துதலும் சோதித்தலுமே; ஒரே சிலிக்கான் தட்டில் பிறந்த சில்லுகளைச் சோதித்து, வேகத்துக்கும் குறைபாட்டுக்கும் ஏற்பத் தரம் பிரித்து, வெவ்வேறு பெயரும் கிரயமும் இடுகிறார்கள்.

இந்தத் தரவரிசை முழுதும் மெய்யல்ல என்பதைக் கைக்காசு குறைந்த விளையாட்டுப் பிரியர்கள் 1998இலேயே கண்டுகொண்டனர். அவ்வாண்டு வந்த இன்டெலின் மலிவான செயலியான செலரான் 300ஏ, பலகையின் கதியை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு ஏற்றினால், பெயரளவில் 300ஆக இருந்தும் பெரும்பாலும் 450 மெகாஹெர்ட்ஸில் சளைக்காமல் ஓடிற்று. உயர்ந்த விலைச் செயலியோடு அது போட்டியிட்ட கதை உலகெங்கும் பரவியது.

மடிக்கணினியில் அந்த உபாயம் பெரும்பாலும் செல்லாது. பற்றாசு வைத்து ஒட்டிய செயலியைப் பின்னால் மாற்றவும் இயலாதாகையால், வாங்கும் வேளையிலேயே விவேகம் வேண்டும். நம்மவரோ இன்டெல் செயலியில் ‘ஐ7’ என்ற எழுத்தைக் கண்டதும் மயங்கிவிடுகிறார்கள்! 2017இல் வந்த ஐ7-8550யூ, மறுவருஷம் வந்த ஐ5-8300எச் ஆகிய இரண்டிலும் கோர்கள் நான்குதாம்; ஆனால் முன்னது 15 வாட்டுக்கும் பின்னது 45 வாட்டுக்கும் வகுக்கப்பட்டவை. நெடுநேரம் நீடிக்கும் விளையாட்டில், மின்சாரமும் குளிர்விப்பும் தாராளமாக உள்ள ஐ5, ‘பெரிய’ ஐ7ஐ முந்திவிடும். 2020இல் ஏஎம்டியின் ரைசன் 5 4600எச் ஆறு கோர்களை மலிவு விலைக் கணினிக்கே கொண்டுவந்தபின், ஐ7க்குக் கூடுதல் வெள்ளி கொடுப்பது இன்னும் அநாவசியமாயிற்று. அப்பணம் கிராஃபிக்ஸ் சில்லுக்கும், ஒன்றுக்குப் பதில் இரண்டு ரேம் துண்டுகளுக்கும் போனால் பிரயோஜனம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கைவைக்கும் இடத்தில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ ‘ஐ5’, ‘ஐ7’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. வாட் அளவைக் குறிப்பால் உணர்த்தும் கடைசி எழுத்து யூவா எச்சா என்று தெரிந்துகொள்ள, கணினியைத் திறந்து அமைப்புப் பக்கத்தில் முழு எண்ணையும் காட்டும்படி கடைக்காரரைக் கேட்டு, ரசீதிலும் அதையே எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.