டஸ்ட் டீ... தூசியா, தூளா?

'டஸ்ட் அலர்ஜி' என்று மாஸ்க் போடும் நாமேதான், ஊட்டிக்கு டூர் போனால் 'டஸ்ட் டீ அரை கிலோ' என்று கேட்டு வாங்குகிறோம். கூட்டிப் பெருக்கிய குப்பையோ என்று பயப்பட வேண்டாம் பாஸ்!

வீட்டில் டஸ்ட் என்றால் தூசி. தேயிலை ஃபேக்டரியில் அது ஒரு சைஸ், அவ்வளவுதான். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி, உலர்த்திச் சலிக்கும்போது, பெரிய குருணை 'லீஃப்'. நைஸான பொடி 'டஸ்ட்'. குன்னூர் ஏலத்திலும் இரண்டும் தனித்தனிதான். பொடி என்பதால் டிகாக்‌ஷன் சட்டென இறங்கும். டீக்கடை மாஸ்டர்கள் சும்மாவா இதைத் தேடுறாங்க?

பயப்பட வேண்டியது கலப்படத்துக்கு. ஃபில்டர் பேப்பரில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளியுங்கள். உடனே கறை படிந்தால், அது சாயம் ஏற்றிய தூள்.