பெரிய மார்க்கெட் லாரியும் ஒரு சின்ன ரப்பர் கப்பும்

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையும் காந்தி சிலையும் பிரெஞ்சுக் கட்டடங்களும்தான் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் பெரிய மார்க்கெட் என்பார்கள். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் காய்கறி, மீன், பூ, மளிகை என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் சந்தை அது. ஏட்டில் அதன் பெயர் குபேர் அங்காடி. செல்வத்துக்கு அதிபதியான குபேரன் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்! இவர் எதுவார் குபேர். பிரெஞ்சு ஆட்சியில் அரசியலில் செல்வாக்கோடு இருந்து, பிறகு இந்தியா பக்கம் வந்து, 1963இல் புதுவையின் முதலமைச்சரானவர்.

இந்த மார்க்கெட்டுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் தானாக வந்து சேர்வதில்லை. லாரியில் வருகின்றன. ஒரு பழைய லாரி, மூட்டை ஏற்றி, ஆள் நடமாட்டம் உள்ள ஒரு வீதியில், தள்ளுவண்டிக்கும் கூடைக்காரம்மாவுக்கும் இடையில் மெல்ல நுழைகிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். பெடல் பலகை வரை இறங்கிப் போகிறது. அப்போது என்ன ஆகும்? வேகம் குறைவுதானே என்று சொல்லலாம். ஆனால் பல டன் எடை நடந்து போகிற வேகத்தில் வந்தாலும் சுவருக்கும் அதற்கும் நடுவில் மாட்டியவர் பிழைப்பது கஷ்டம். அந்தப் பெடல் இறங்கிப் போவதற்குக் காரணம் பல சமயங்களில் கட்டைவிரல் அளவுள்ள ஒரு ரப்பர் கப். இந்தக் கட்டுரை அந்தக் கப்பின் வரலாறு.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். டிரைவர் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகிறது. அங்கே டிரம்முக்குள் வீல் சிலிண்டர் என்று ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள சின்ன இரும்புக் குழல். ஆயில் அழுத்தம் வந்ததும் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து பிரேக் ஷூக்களை டிரம்மின் மேல் அழுத்துகின்றன. பிஸ்டனுக்குப் பின்னால் ஆயில் வெளியே வராமல் தடுப்பதுதான் ரப்பர் கப். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும் என்ற பாஸ்கல் விதி பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். "அடைபட்ட" என்ற சொல்லை மட்டும் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஒரு கப் கிழிந்தால் திரவம் அடைபட்டதாக இல்லை. பாஸ்கலும் இல்லை, பிரேக்கும் இல்லை.

இந்த யோசனையை வண்டிக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். 1917இல் காப்புரிமை வாங்கினார். 1921இல் வெளிவந்த டியூசன்பர்க் கார்தான் நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக் வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார் என்பார்கள். அவருக்கு வந்த பெரிய தலைவலி என்ன தெரியுமா? கசிவு! அப்போது கப்பைத் தோலில் செய்தார்கள். தோல் காய்ந்து சுருங்கும், ஆயில் ஒழுகும். கிரைஸ்லர் கம்பெனிப் பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பரை வைத்தார்கள். 1924இல் வந்த கிரைஸ்லர் காரில் அந்தப் பிரேக் நன்றாக வேலை செய்தது. அதன் பிறகுதான் ஹைட்ராலிக் பிரேக்கை உலகம் நம்ப ஆரம்பித்தது.

ரப்பர் வந்ததும் இன்னொரு சிக்கலும் கூடவே வந்தது. இயற்கை ரப்பருக்கு டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எதுவும் ஆகாது. பட்டால் ஊறி உப்பி வீணாகிவிடும். அதனால் அக்கால பிரேக் ஆயிலை விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து செய்தார்கள். ஆம், நம் ஊர் ஆமணக்கிலிருந்து எடுக்கும் அதே விளக்கெண்ணெய்தான்! பின்னால் கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. கடையில் டாட் 3 என்று விற்பது அந்த வகை. பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோவன் கம்பெனி 1960களின் பிற்பகுதியில் தன் கார்களுக்கு மட்டும் கனிம எண்ணெய்க்கு மாறியது. அதற்காக ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. பழையதும் புதியதும் கலந்துவிடக் கூடாது என்று எண்ணெய்க்கும் பாகங்களுக்கும் பச்சை நிறம் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு இது விளையாட்டில்லாத சமாச்சாரம். நம் பக்கம் அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றி வண்டியை ஓட்டியவர்கள் உண்டு. இரண்டு நாள் ஓடும். அப்புறம் எல்லாச் சிலிண்டரிலும் கப் உப்பி, பிரேக் பிடித்தால் விடாது, விட்டால் பிடிக்காது.

லாரிகள் இங்கே வந்த கதைக்கு வருவோம். புதுச்சேரி 1954 வரை தனி எல்லை. 1949இல் சுங்க உடன்பாடு முடிந்த பிறகு சுற்றிலும் சுங்கச் சாவடிகள் வந்தன. 1954இல் சரக்குப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களிக்க, நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கை மாறியது. விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கம் இருந்து வரும் வண்டிக்குத் தடுப்பு இல்லாமல் போனது. வியப்பு என்னவென்றால், இந்திய லாரித் தொழிலும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் காலூன்றியது. டெல்கோவும் டைம்லர் பென்ஸும் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது 1954இல். சென்னை எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனது 1955இல்.

வண்டி வந்தது, சரி. உதிரிபாகம்? அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். ஒரு கப்புக்காக வண்டி நாட்கணக்கில் நிற்கும். அதனால் பட்டறைகளில் பல குறுக்கு வழிகள் பிறந்தன. ஒழுகும் சக்கரத்துக்குப் போகும் குழாயை நசுக்கி அடைத்துவிட்டு, மீதிச் சக்கரங்களோடு ஓட்டுவது அவற்றில் ஒன்று. வேறு வழியில்லாத காலத்தில் செய்தது, சரி. ஆனால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் இல்லையென்றால் வண்டி மறுபக்கம் இழுக்கும். நெரிசலான வீதியில் லாரி ஒரு முழம் இழுத்தாலே போதும்.

இந்த நிலையை மாற்றியது சென்னைக்கு மேற்கே இருக்கும் பாடி. 1962இல் டிவிஎஸ் குழுமம் இரண்டு கம்பெனிகளை ஆரம்பித்தது. இங்கிலாந்தின் கிர்லிங்கோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா, கிளேட்டன் டுவாண்டரோடு சேர்ந்து சுந்தரம் கிளேட்டன். முன்னது ஹைட்ராலிக், பின்னது காற்று பிரேக். மதுரையில் பஸ் ஓட்டிப் பேர் வாங்கிய குடும்பம் பிரேக் செய்ய வந்ததில் பொருத்தம் இருக்கிறது. ஓட்டுபவனுக்குத்தானே நிறுத்துவதன் அருமை தெரியும்! அதன் பிறகு டிவிஎஸ் கிர்லிங் என்று அச்சடித்த பெட்டியில் கப்பும் தூசிக்கவசமும் அடங்கிய "கிட்" நம் ஊர்க் கடைகளுக்கே வந்தது. தமிழ்நாட்டுத் தொழில் வரலாறு எழுதுபவர்கள் காரையும் பஸ்ஸையும் பற்றி எழுதும் அளவுக்கு இந்தச் சின்னப் பெட்டியைப் பற்றி எழுதுவதில்லை. எழுதியிருக்க வேண்டும்.

கனரக லாரிகள் மெல்ல முழுக் காற்று பிரேக்குக்கு மாறின. அதில் ஒரு நல்ல குணம் உண்டு. காற்று கசிந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும், மீட்டர் இறங்கும். காற்று ஒரேயடியாகப் போய்விட்டால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்து வண்டியை நிறுத்திவிடும். ஹைட்ராலிக்கில் ஆயில் சத்தமே இல்லாமல் போகும். அதிலும் பழைய வண்டிகளில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சுற்றுதான். ஒரு கப் போனால் எல்லாம் போச்சு. சுற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும்படி செய்தது பிறகு வந்த ஏற்பாடு. அமெரிக்காவில் கார்களுக்கு இது 1968இல் சட்டமானது. இந்தியாவில் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96ஆவது விதி, கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் ஒன்றை ஒன்று சாராமல் இருக்க வேண்டும் என்கிறது. பழைய லாரியில் ஹேண்ட் பிரேக் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது கிளீனர் பையன்களுக்குத் தெரியும். வண்டி நின்றதும் மரக்கட்டையோடு குதித்து ஓடுவது அவர்கள்தானே!

பெரிய மார்க்கெட் போன்ற இடங்களுக்கு வசதியானவை சின்ன லாரிகள். 1980களில் ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர், 1986இல் டாடா 407 என்று வரிசையாக வந்தன. இவை ஹைட்ராலிக் வண்டிகள். ஆகவே கப் மாற்றும் வேலை ஓயவில்லை.

இனி ஒழுகும் சிலிண்டரை எப்படிச் சரி செய்கிறார்கள் என்று பார்ப்போம். சக்கரத்தின் உள்பக்க டயர் சுவரில் ஈரம் தெரிந்தால் முதல் சந்தேகம் வீல் சிலிண்டர் மேல்தான். இதில் ஒரு விநோதம், ஓடும்போது ஒழுகாத சிலிண்டர் நிற்கும்போது ஒழுகும். கப்பின் உதடு அழுத்தம் வரும்போது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் இல்லாதபோது தளர்ந்துவிடும். அதனால்தான் பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் ஒரு சின்ன வால்வு வைத்து, கொஞ்சம் அழுத்தம் எப்போதும் மிச்சம் இருக்கும்படி செய்தார்கள். இன்னொரு விநோதம், புது லைனிங் போட்டதும் சிலிண்டர் ஒழுக ஆரம்பிக்கும். "லைனிங் மாத்தினதுக்கு அப்புறம்தான்ணே ஒழுகுது" என்று டிரைவர் பட்டறைக்காரரிடம் சண்டைக்கு வருவார். அது பட்டறைக்காரர் தப்பு மட்டும் இல்லை. லைனிங் தேயத் தேய பிஸ்டன்கள் வெளிப்பக்கம் நகர்ந்திருக்கும். புது லைனிங் தடிமனாக இருப்பதால் பிஸ்டன் உள்ளே தள்ளப்படும். அங்கே வருஷக்கணக்கில் கசடும் துருவும் சேர்ந்திருக்கும். கப் அதில் உரசிக் கிழியும்.

துரு எங்கிருந்து வந்தது? கிளைக்கால் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறினால் இரும்பு துருப்பிடிப்பதோடு கொதிநிலையும் இறங்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியதற்கு 140 டிகிரிதான். ஊட்டியிலிருந்து கேரட் ஏற்றி வரும் வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறது. பிரேக் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

வேலை இப்படி நடக்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டு, டிரம்மைக் கழற்றுவார்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. தூசிக்கவசத்தை எடுத்து, பிஸ்டனை வெளியே எடுத்து, சிலிண்டர் சுவரைப் பார்க்க வேண்டும். லேசான கசடு என்றால் மெல்லிய எமரித் தாளைச் சுற்றுவாட்டில் தேய்த்தால் போகும். குழி விழுந்திருந்தால் கப் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். இங்கேதான் பேரம் நடக்கும். "இந்த ஒரு டிரிப் போயிட்டு வந்துடறேன்ணே, கப் மட்டும் போடுங்க" என்பார் டிரைவர். நல்ல மெக்கானிக் அதற்கு மசிய மாட்டார்.

கழுவுவதற்கு டீசல், பெட்ரோல் கூடாது, புது பிரேக் ஆயில் போதும். கப்பை ஆயிலில் நனைத்து, உதடு உள்பக்கம் பார்க்கும்படி போட வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் மிதியிலேயே ஒழுகும். ஒரு பக்கம் போனால் அதே அச்சின் மறுபக்கத்துக்கும் கிட் மாற்றுவது நல்லது, இரண்டும் ஒரே வயசுதானே! ஆயில் குடித்த லைனிங்கைத் தீயில் வாட்டி மறுபடி போடும் வழக்கம் உண்டு. மேலே காய்ந்த மாதிரி தெரியும், சூடானதும் உள்ளே ஊறியது கசிந்து வழுக்கும். வீண் வேலை.

கடைசியில் காற்று எடுப்பது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நிப்பிளில் ஒரு டியூப், அதன் மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலில். மெக்கானிக் வண்டிக்கு அடியில், கிளீனர் பெடலில். "அடி தம்பி... அடி... அடி... பிடிச்சுக்க!" நிப்பிள் திறக்கும், குமிழி வரும், நிப்பிள் மூடும். "விடு!" குமிழி நிற்கும் வரை இதே பாட்டு. பாட்டிலில் வந்த ஆயிலை மறுபடி ஊற்றக் கூடாது.

பிறகு பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் எங்கோ இன்னும் கசிகிறது. நின்றால் வண்டியை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு, விடியற்காலையில் டார்ச் அடித்து நான்கு சக்கரத்துக்கு உள்பக்கமும் தரையைப் பார்ப்பார்கள். தரை காய்ந்திருந்தால் வெங்காய மூட்டை ஏறும்.