செவிக்கு வைத்த விலை

ஹெட்போன் ஒன்றுக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்பது கைபேசியோடு பிறந்த கேள்வி என்றே பலரும் எண்ணுகிறார்கள். கடைத்தெருவில் 300 ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கிறது. 30,000 ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கிறது. இரண்டும் காதில் வைத்துக் கேட்பதற்கென்றே செய்யப்பட்டவை. விற்பவர் இரண்டையும் ஏறக்குறைய ஒரே சொற்களால்தான் புகழ்கிறார். வாங்க வந்தவர் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் திகைப்புக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதைச் சற்றுப் பொறுமையோடு பார்த்தால், மனிதர் தம் செவிக்காகச் செலவிட்ட பணம் ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு பொருளை வாங்கியிருக்கிறது என்பதும், நல்ல ஓசை அவற்றுள் ஒன்று மட்டுமே என்பதும் விளங்கும்.

பாரிஸ் நகரத்திலிருந்து தொடங்கலாம். 1881ஆம் வருஷம் அங்கு நடந்த சர்வதேச மின்சாரக் கண்காட்சியில் க்ளெமான் அதேர் என்ற எஞ்சினியர், ஆபரா அரங்கின் மேடையோரத்தில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, அங்கே நிகழ்ந்த சங்கீத நாடகத்தை டெலிபோன் கம்பிகளின் வழியே கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்களை வைத்துக் கேட்டவர்களுக்கு, பாடுகிறவர் மேடையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் நகர்வதுகூடப் புலப்பட்டது. 1890இல் இந்த ஏற்பாடு தியேத்ரோஃபோன் என்ற பெயரில் வியாபாரமாயிற்று; ஹோட்டல்களிலும் காப்பிக் கடைகளிலும் வைக்கப்பட்ட பெட்டியில் 50 சாந்தீம் நாணயத்தைப் போட்டால் ஐந்து நிமிஷம் கேட்கலாம். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த், நோயின் காரணமாக வெளியே செல்ல இயலாத நாட்களில் இசை நாடகங்களைக் கேட்க உதவிய இந்தச் சேவைக்கு 1911இல் சந்தாதாரரானார். லண்டனில் 1895இல் தொடங்கிய எலெக்ட்ரோஃபோன் என்ற அமைப்பு, வருஷம் 5 பவுன் சந்தாவுக்கு நாடகக் கொட்டகைகளையும் மாதாகோயில் பிரசங்கங்களையும் வீட்டுக்கே அனுப்பிற்று. முதல் உலகப் போரில் காயமுற்று ஆஸ்பத்திரியில் கிடந்த சிப்பாய்களும் அதைக் கேட்டார்கள். இவர்களுள் எவரும் காதுக்கருவிக்கென்று விலை கொடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் வாங்கியது நாடகக் கொட்டகையில் ஓர் ஆசனம். அந்த ஆசனம் மட்டும் வீட்டில் இருந்தது.

கருவியே ஒரு விலைப்பொருளாயிற்று என்றால், அதற்கு அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவரைப் பெரிதும் காரணமாகச் சொல்ல வேண்டும். 1910ஆம் வருஷம் அவர் தம் கையால் செய்த ஒரு ஜோடிக் காதுக்கருவியை, ஊதா மையினால் எழுதிய கடிதத்தோடு அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அக்காலத்தில் கப்பலில் கம்பியில்லாத் தந்தியைக் கேட்கும் உத்தியோகஸ்தருக்கு, புயலின் இரைச்சலுக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கும் நடுவே மெல்லிய ஒலிக்குறிகளைப் பிரித்தறிவது உயிர்போகும் வேலையாக இருந்தது. யாரோ ஒரு கிராமத்துக் கைவினைஞர் அனுப்பிய கருவி, கடற்படையின் பழைய கருவிகளைக் காட்டிலும் மிகத் தெளிவாகப் பேசியது கண்டு சோதித்தவர்கள் வியந்தார்கள். உடனே வேண்டுமென்று எழுதினார்கள். தம் வீட்டுச் சமையலறையிலேயே செய்வதால் ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்து தர முடியாது என்று பால்ட்வின் பதிலெழுதினார். ஒவ்வொரு செவிக்கருவிக்குள்ளும் ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள நுண்ணிய செம்புக்கம்பி சுற்றப்பட்டிருந்தது. அதன் காந்தங்களுக்கிடையே சமநிலையில் நின்ற சிறிய இரும்புத்துண்டு, அபிரகத்தாலான ஒரு தகட்டை அசைத்தது. அந்த நுட்பத்துக்கும் பொறுமைக்கும் பணம் கொடுத்தே ஆகவேண்டும். அதைக் குறைத்துக் கேட்பதற்கு எந்த நியாயமும் இருக்கவில்லை. தலையில் மாட்டும் வளையத்துக்குக் காப்புரிமை பெறுமாறு கடற்படையினர் சொன்னபோது, அது மிக அற்பமான விஷயம் என்று அவர் விட்டுவிட்டார். பின்னர் பெரிய தொழிற்சாலை எழுப்பி, ரேடியோ மோகம் தலைதூக்கிய நாட்களில் பெருஞ்செல்வம் ஈட்டிய அவருடைய நிறுவனம், 1924இல் திவாலாயிற்று. இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தாம்.

ரேடியோ மோகம் என்று சொன்னேன். 1920இல் பிட்ஸ்பர்க் நகரத்திலும் 1922இல் லண்டனிலும் ஒலிபரப்பு தொடங்கியதும், எளிய குடும்பங்களுக்குக் கைகொடுத்தது கிறிஸ்டல் செட் என்ற சிறு வானொலிப் பெட்டி. 1922ஆம் வருஷம் அமெரிக்க அரசாங்கத்தின் அளவைத் தர நிலையம், இதனை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்று விளக்கும் சிறுபிரசுரம் ஒன்றை வெளியிட்டது. காலை உணவுத் தானியம் அடைத்து வரும் வட்டமான அட்டைப்பெட்டியின்மேல் கம்பியைச் சுற்றிக்கொள்ளலாம். பலகை எந்த வீட்டிலும் உண்டு. கலீனா என்ற ஈயத்தாதுப் படிகம் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். மொத்தச் செலவு 10 டாலர் அளவில் அடங்கிவிடும். அந்தத் தொகையில் பெரும்பகுதி ஹெட்போனுக்கே போயிற்று. மற்றவற்றையெல்லாம் ஒரு சிறுவன் தன் கையால் செய்துவிட முடியும். இதை மட்டும் கடையில்தான் வாங்க வேண்டும். கிறிஸ்டல் செட்டுக்குப் பாட்டரியும் கிடையாது, மின்சார இணைப்பும் கிடையாது. ஆகாயத்திலிருந்து கம்பி பிடித்துத் தரும் அற்ப சக்திதான் காதுக்கருவியின் தகட்டை அசைக்க வேண்டும். ஆதலால் நல்ல கருவி வாங்கியவர் கேட்டார். மட்டமானதை வாங்கியவர் ஒன்றையும் கேட்கவில்லை. கொடுத்த விலைக்கும் கிடைத்த பலனுக்கும் இவ்வளவு நெருங்கிய சம்பந்தம் அதற்குப் பின் என்றுமே இருந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரே ஒரு கருவியை வாங்க முடிந்த வீடுகளில், அதை ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டுக் குடும்பத்தார் அனைவரும் அதைச் சுற்றிக் குனிந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அந்த நாளிலேயே வாங்குவோரை மயக்கும் எண்களும் வந்து சேர்ந்துவிட்டன. கருவியின் உள்ளே கம்பி எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறது என்பதுதான் அதன் நுண்மைக்கு ஆதாரம்; சுற்றுகள் கூடினால் மின்தடையும் கூடும்; எனவே 2,000 ஓம், 3,000 ஓம் என்று தடையின் அளவையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். வாங்குவோரும் ஓம் மிகுந்தால் ஓசை மிகும் என்று நம்பினார்கள். இதைக் கண்டுகொண்ட சில உற்பத்தியாளர்கள், செம்புக்குப் பதிலாகத் தடை மிகுந்த வேறு உலோகக் கம்பியைக் குறைவாகச் சுற்றி, எண்ணை மட்டும் உயர்த்திக் காட்டினார்கள். எண் மெய்தான், ஆனால் எந்த நன்மைக்கு அது அடையாளமாக இருந்ததோ, அந்த நன்மை உள்ளே இல்லை. இன்றைக்குப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர்களையும் ஹெர்ட்ஸ்களையும் படிக்கிறவர்கள் இந்தப் பழைய செய்தியை மனத்தில் வைப்பது நல்லது.

சென்னைக்கும் இந்த அலை வராமலில்லை. 1924ஆம் வருஷம் மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் கூடிச் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தை நிறுவினார்கள். ஜூலை 31ஆம் தேதி அதன் ஒலிபரப்பு தொடங்கிற்று. பணமுடையால் 1927இல் அது நின்றுபோக, சங்கத்தின் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930இல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தலாயிற்று. கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து ஊராரைக் கேட்கச் செய்தார்கள். ஹெட்போன் வாங்க வசதியில்லாதவருக்கு இதைவிடச் சிறந்த தர்மம் வேறென்ன இருக்க முடியும்!

ஒலிபெருக்கி மலிந்த பிறகு வீட்டை விட்டு ஹெட்போன் வெளியேறிற்று. டெலிபோன் நிலையங்களிலும் விமானங்களிலும் அது வேலைக்கருவியாக வாழ்ந்தது. 1937இல் பெர்லினில் ஆய்கன் பேயர் வெளியிட்ட டிடி 48 என்ற உயர்ந்த கருவியும் சங்கீத ரசிகனைவிடத் தொழில்நுட்பக்காரருக்கே அதிகம் பயன்பட்டது. மறுபடியும் அதை வீட்டுக்கு அழைத்து வந்தவர் மில்வாக்கி நகரத்து ஜான் கோஸ். 1958இல் அவர் கண்காட்சியில் வைத்தது தனியாகக் கேட்கத்தக்க ஓர் இசைத்தட்டுப் பெட்டி. வந்தவர்கள் பெட்டியைப் பொருட்படுத்தாமல் அதனோடு இணைத்திருந்த ஸ்டீரியோ ஹெட்போனையே விரும்பினார்கள். பத்து வருஷம் கழித்து, 1968இல், ஜெர்மனியின் ஸென்ஹைஸர் நிறுவனம் எச்டி 414 என்ற கருவியை வெளியிட்டது. அதற்குமுன் காதை இறுக மூடி வியர்க்கவைத்த கனத்த கிண்ணங்களுக்குப் பதிலாக, காற்று புகும் மெல்லிய மஞ்சள் பஞ்சு மெத்தை. பஞ்சு நைந்தால் வேறு பஞ்சு போடலாம். கம்பி அறுந்தால் வேறு கம்பி செருகலாம். காலப்போக்கில் அது ஒரு கோடிக்கு மேல் விற்றது. நல்ல ஓசை செல்வந்தருக்கு மட்டும் உரியது என்ற நிலை அன்றோடு முடிந்தது என்றே நான் கருதுகிறேன். அதற்குப் பின் ஏறிய விலைகளுக்கெல்லாம் வேறு காரணம் தேட வேண்டும்.

அடுத்து வந்த மாறுதல் விநோதமானது. 1979 ஜூலை 1ஆம் தேதி ஜப்பானில் ஸோனி நிறுவனம் வாக்மன் என்ற சிறு காஸெட் கருவியை 33,000 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாணவர்கள் வாங்கத்தக்கதாக 40,000 யென்னுக்குள் அடங்க வேண்டும், கோடை விடுமுறைக்கு முன் கடைக்கு வர வேண்டும் என்பது தலைவர் அக்கியோ மொரித்தாவின் பிடிவாதம். அதனோடு வந்த ஹெட்போன் ஏறக்குறைய 50 கிராம் எடைதான். முந்தைய கருவிகள் முந்நூறு நானூறு கிராம் கனத்தவை. ஆயினும் அதைவிட முக்கியமான விஷயம், அது பெட்டிக்குள்ளேயே வந்தது என்பது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே ஏற்பட்ட பர்மா பஜாரில் அந்நிய நாட்டு டேப்ரிக்கார்டர்களையும் வாக்மன்களையும் தேடிச் சென்று பேரம் பேசியவர்கள், காதுக்கருவிக்குத் தனியாக விலை பேசவேண்டியிருக்கவில்லை. 2001இல் வந்த ஐபாடும் வெள்ளைநிறக் காதுக்கருவிகளோடு வந்தது. கைபேசிகளும் அவ்வாறே வந்தன. இப்படியாக ஒரு முழுத் தலைமுறை, ஹெட்போன் என்பது இனாமாக வரும் பொருள் என்ற நம்பிக்கையிலேயே வளர்ந்தது. அதன் உண்மையான விலை என்ன என்று மதிப்பிடும் பழக்கமே அற்றுப்போயிற்று.

2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசியிலிருந்து ஹெட்போன் துளையை நீக்கிவிட்டு, கம்பியில்லாத ஏர்பாட்ஸ் கருவியை 159 டாலருக்கு வெளியிட்டது. 2020இல் கைபேசிப் பெட்டிக்குள் இருந்த இனாம் கருவியையும் எடுத்துவிட்டது. மற்ற நிறுவனங்கள் பலவும் அதே வழியில் சென்றன. விலை திரும்பி வந்தது. ஆனால் பழைய விலையாக வரவில்லை. இயர்பட்ஸ் எனப்படும் இந்தக் கம்பியில்லாத கருவியினுள் ஒட்டி அடைக்கப்பட்ட சிறு பாட்டரி ஒன்று இருக்கிறது. சில வருஷங்களில் அதன் சக்தி குன்றும்போது, குற்றமற்ற மற்ற உறுப்புகளும் அதனோடு குப்பைக்குப் போகின்றன. எச்டி 414 வாங்கியவர் ஒரு தடவை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். இயர்பட்ஸ் வாங்குகிறவர் அந்தச் சாதனத்துக்கு வாடகை கட்டுகிறவர். இதை எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

விலைக்கும் ஓசைக்கும் உள்ள சம்பந்தத்தை 2017இல் யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் நேராகவே அளந்து பார்த்தார். பலவகைப்பட்ட 283 ஹெட்போன்கள் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரையில் ஒலியை எவ்வாறு தருகின்றன என்று கணக்கிட்டு, கடை விலையோடு ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் சம்பந்தம் ஏதும் தென்படவில்லை. நல்ல உழைப்பு, உறுதியான உடல், காதுக்கு இதம் ஆகியவை விலையால் கூடலாம். ஓசையின் சமநிலை கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸென்ஹைஸர் நிறுவனமே ஏறக்குறைய 50,000 யூரோ விலையில் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வாங்குவோரைக் குறை கூற மாட்டேன். ஆனால் அது சங்கீதத்தின் விலையன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பைச் சொல்லாமலிருப்பது முறையன்று. அமைதியான வீட்டில் கேட்பவருக்குக் கம்பியுள்ள ஹெட்போனில் நடுத்தர விலையே போதும். அதற்குமேல் கொடுக்கும் பணம் பெயருக்கும் அலங்காரத்துக்கும் போகிறது. தினந்தோறும் ரயிலிலும் பஸ்ஸிலும் பயணம் செய்கிறவர், வெளி இரைச்சலை அடக்கும் கருவிக்குச் சற்று அதிகமாகக் கொடுப்பது நியாயமே. அமர் போஸ் என்ற எஞ்சினியர் 1978இல் விமானப் பயணத்தில் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல் போனபோது எண்ணிய எண்ணத்தின் பலன் அது. வெளி இரைச்சல் குறைந்தால் ஒலியைக் கூட்டாமலே கேட்கலாம். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பதால், இது காதைக் காப்பதற்கான செலவும் ஆகும். கம்பியில்லாத இயர்பட்ஸை விரும்புகிறவர், கேட்கும் விலையை அதன் பாட்டரி உழைக்கக்கூடிய வருஷங்களால் வகுத்துப் பார்த்து, வருஷத்துக்கு அவ்வளவு கொடுக்கச் சம்மதமா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கையடக்கக் கருவிகளின் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்றத்தக்கதாகச் செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம், சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. நம் நாட்டுக் கடைகளில் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச இயலாது. ஆனால் பஞ்சு மாற்றலாமா, கம்பி மாற்றலாமா, பாட்டரி மாற்றலாமா என்று விற்பவரிடம் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. வாங்குவோர் ஒவ்வொருவரும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பிறகு விலை பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.