புகையானும் வயல் மீனும்

புகையான் என்ற பேரைக் கேட்டாலே எங்கள் டெல்டாக்காரர்களுக்கு வயிறு கலங்கும். நெல்லின் தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலாக அடிக்கிற மருந்து அவ்வளவு கீழே போய்ச் சேராது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயல் வட்டம் வட்டமாகக் கருகிவிடும். இந்தப் பூச்சியை மீனை விட்டே மட்டுப்படுத்திய ஊர் ஒன்று சீனாவில் இருக்கிறது.

செச்சியாங் மாகாணத்தின் சிங்தியான் வட்டாரம் அது. பத்தில் ஒன்பது பங்கு மலை. மிச்சத்தை ஆறும் வயலும் பங்குபோட்டுக்கொண்டன. அந்தச் சொற்ப வயலிலேயே சோறும் விளைய வேண்டும், குழம்புக்கு மீனும் கிடைக்க வேண்டும். 1391-ஆம் ஆண்டின் வட்டாரக் குறிப்பேடு ஒன்று சிவப்பும் கறுப்பும் கலப்பு நிறமுமான மீன்களை நெல்வயலில் வளர்ப்பதைச் சொல்கிறது. வழக்கம் அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது என்கிறார்கள். மீன், கெண்டை இனம்தான். செதில் மென்மையாக இருப்பதால் அதோடேயே சமைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு: அங்கே பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்வரிசையில் மீன்குஞ்சும் போகும்! 2005-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இந்த முறையை உலக வேளாண் மரபுகளின் முதல் வரிசையில் சேர்த்தது.

மீன் செய்கிற வேலை எளிமையானது. தூர்களுக்கு நடுவே முட்டி மோதி நீந்தும், பயிர் ஆடும், புகையான் தண்ணீரில் உதிரும், மீன் விழுங்கும். களையையும் மேயும். அதன் கழிவு பயிருக்கு உரம். சீன ஆய்வாளர்கள் ஆறு ஆண்டுகள் வயல்களில் கணக்கெடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். மீன் விட்ட வயலில் நெல் விளைச்சல் குறையவில்லை. பூச்சிமருந்து 68 சதவீதமும் ரசாயன உரம் 24 சதவீதமும் குறைவாகவே தேவைப்பட்டன.

ஆனால் தண்டுக்குள் புகுந்துவிட்ட குருத்துப்பூச்சியின் புழுவை மீன் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஆகவே, அந்த 68-ல் மீனின் வாய்க்கு ஒரு பங்குதான் சேரும் என்பேன். மறுபங்கு விவசாயியின் பயம். மருந்தடித்தால் மீன் செத்துப்போகும். கை தானாக நிற்கும். கை நின்றால் சிலந்தி பிழைக்கும். சிலந்தி புகையானைத் தின்னும். மருந்தடித்துச் சிலந்தியைக் கொன்றதால் புகையான் பெருகிய கொடுமையை இந்தோனேசியா அனுபவித்தது. 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளை அந்த நாடு தடைசெய்தது.

எங்கள் பக்கமும் வயலில் மீன் இருந்தது. வாய்க்கால் தண்ணீரோடு கெண்டையும் குறவையும் கெளுத்தியும் ஏறி வரும். மடையில் பறி வைத்துப் பிடிப்பார்கள். ஆனால் அது யாரும் வளர்த்த மீன் அல்ல, வந்த மீன். எண்ட்ரின் என்ற பூச்சிமருந்து வந்தபோது அந்த மீனுக்காகப் பேச ஆளில்லை. சிங்தியானில் மீனுக்குச் சொந்தக்காரன் இருந்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்று மொட்டைமாடியில் மீன்தொட்டித் தண்ணீரைக் கீரைக்குச் சுற்றவிடும் அக்வாபோனிக்ஸ்காரர்களும் அந்தச் சொந்தக்காரன் வரிசையில் வந்தவர்கள்தான். அவர்களுக்கும் அதே பாடம்தான்: கீரையில் அசுவினியைக் கண்டதும் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். இலையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், பொறிவண்டு வரும்வரை பொறுங்கள். இயற்கைதானே என்று வேப்பெண்ணெயையும் சோப்புக் கரைசலையும் தொட்டிக்குள் சொட்டவிட வேண்டாம். இரண்டுமே மீனுக்கு ஆகாது.