பீட்டில் இன்ஜினை வீட்டில் இறக்கிப் பழுதுபார்த்தல்

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இன்ஜினை, மெக்கானிக் தொழில் தெரியாத ஒருவர் வீட்டு ஷெட்டிலேயே இறக்கி, பிரித்து, சரிசெய்து, மறுபடி ஏற்றும் வேலை இது. பழைய கார்களில் இதற்கு இவ்வளவு இடம் கொடுக்கும் வண்டி வேறொன்றைச் சொல்வது கடினம். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930-களில் வடிவமைத்த இந்த கார், 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் நிறுத்தப்படும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இன்ஜின் வண்டியின் பின்புறம் இருக்கிறது. காற்றால் குளிர்வதால் ரேடியேட்டரும் தண்ணீர் குழாய்களும் கிடையாது. கியர்பாக்ஸோடு அதைப் பிணைத்திருப்பவை நான்கே 17 மி.மீ. நட்டுகள். மொத்த எடை சுமார் 100 கிலோ. 1192 சி.சி.யிலிருந்து 1584 சி.சி. வரை அளவு மாறினாலும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

அமெரிக்காவில் இந்த வேலைக்குச் சாதாரண மக்களைத் துணியவைத்ததில் ஜான் மியூர் 1969-ல் வெளியிட்ட பழுதுபார்ப்புக் கையேட்டுக்குப் பெரிய பங்குண்டு. ஒன்றுமே தெரியாத முட்டாளுக்கான நூல் என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்ட புத்தகம் அது. பீட்டர் ஆஷ்வாண்டனின் நுணுக்கமான ஓவியங்களுக்காகவே அதை வாங்கியவர்களும் உண்டு.

இறக்குதல்

முதலில் பாட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பாட்டரி பின் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அடுத்து டைனமோ, காயில், ஆயில் பிரஷர் சுவிட்ச், சோக் ஆகியவற்றுக்குப் போகும் ஒயர்கள். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டாமல் கழற்றுகிறவர் பிறகு வருந்துவார். ஆக்சிலரேட்டர் கேபிள் மின்விசிறிக் கூட்டின் ஊடே வருவதால், அதை முன்பக்கமாக உருவிவிட வேண்டும். பெட்ரோல் டேங்க் வண்டியின் முன்புறம் இருந்தாலும், ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் பின்னால் வழிந்து வரும். குழாயை அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவையால் ஆனது. அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கப் பார்ப்பது ஆபத்து.

நான்கு நட்டுகளில் கீழே உள்ள இரண்டும் வண்டிக்கு அடியில் படுத்தால் எட்டும். மேல் இரண்டுதான் படுத்தும். மின்விசிறிக் கூட்டின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒருவர் ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அடியிலிருந்து திருக வேண்டும்.

பிறகு இன்ஜினுக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கியில் தாங்கி, சில அங்குலம் நேராகப் பின்னால் இழுத்து, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்சை விட்டு விலகிய பிறகே கீழே இறக்க வேண்டும். அவசரத்தில் இன்ஜின் ஷாஃப்டிலேயே தொங்கினால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும். இன்ஜின் தரைக்கு வந்ததும் வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தி, அதை வெளியே இழுக்கிறார்கள். உயிராபத்து உள்ள கட்டம் இதுதான். வெறும் ஜாக்கியையோ ஹாலோ பிளாக் கல்லையோ நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

பழகியவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் இந்த வேலைக்குப் புதியவருக்கு அரை நாள் ஆகலாம். இவ்வளவு சுலபமாக இறங்கிவிட்டதே என்ற தெம்பில் அன்றைக்கே கிராங்க் கேஸைப் பிளக்கும் ஆசை வரும். பாதியில் நின்றுபோகும் வண்டிகள் பெரும்பாலும் இங்கேதான் உருவாகின்றன.

பிரிக்கும் முன்

கிராங்க் புல்லியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பது எளிய சோதனை. இருக்க வேண்டிய ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ., அதிகபட்சம் 0.15. அதை டயல் கேஜில்தான் அளக்க முடியும். ‘டக்’ என்று கையில் தட்டுப்பட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். ஃப்ளைவீலுக்குப் பின்னாலுள்ள மூன்று ஷிம்களை மாற்றிச் சரியானால் நல்லது. பேரிங் உட்காரும் இடமே கேஸில் அடிபட்டு அகன்றிருந்தால், அதைக் கடைந்து பெரிய அளவு பேரிங் போட லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஆட்டம் சரியாக இருந்து, கம்ப்ரஷன் மட்டும் குறைந்திருந்தால் கேஸைத் தொடத் தேவையில்லை. ஹெட், சிலிண்டர், பிஸ்டன், ரிங் என்று ‘ஹாஃப் இன்ஜின்’ வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஹெட்டைக் கழற்றியவர் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வை. 1971 மாடலுக்கு முந்தைய இன்ஜின்களில் ஆயில் கூலர் அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நிற்கிறது. அதனால் அது மற்றவற்றைவிடச் சூடாகி, வால்வு அங்கேதான் முறியும். பின்னர் கூலரைத் தனிக்கூட்டில் தள்ளி வைத்தார்கள்.

கோத்தல்

கேஸின் இரு பாதிகளுக்கும் நடுவே கேஸ்கெட் கிடையாது, மெல்லிய பூச்சு மட்டுமே. அதை அப்பினால் பிதுங்கும் துணுக்குகள் ஆயில் வழியை அடைக்கும். கேம் ஷாஃப்ட் பல்லிலுள்ள ஒற்றைப் புள்ளி, கிராங்க் பல்லின் இரு புள்ளிகளுக்கு நடுவே வர வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும். பேரிங்குகள் தம் முளையில் சரியாக உட்காராமல் கேஸை இறுக்கினால் நசுங்கும். ஆகவே பெரிய நட்டுகளை இறுக்கும்போதே கிராங்கைக் கையால் சுற்றிப் பார்ப்பது வழக்கம். சற்றே பிடித்தாலும் திரும்பப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ஃப்ளைவீலைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 36 மி.மீ. நட்டு. அதன் இறுக்கம் சுமார் 30 கிலோகிராம்-மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறி நிற்பதற்கு ஈடு. இதற்கு நேர்மாறாக, ஹெட் நட்டுகளுக்கு 10 மி.மீ. ஸ்டட்டில் சுமார் 3.2 போதும். கூடுதலாக இறுக்கினால் ஸ்டட் மெக்னீசியத்தின் மரையோடு பெயர்ந்து வரும்.

புதியவர்கள் அலட்சியப்படுத்துவது இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் பட்டையையும். அழகுக்கு வைத்தவை என்று நினைத்துப் பரணில் போட்டுவிடுவார்கள். மேலே நுழையும் குளிர்ந்த காற்றையும் கீழே வெளியேறும் சூடான காற்றையும் பிரித்து வைப்பவை அவைதான். ஒரு தகடு குறைந்தாலும் சூடான காற்றையே மின்விசிறி மறுபடி இழுக்கும். செலவழித்துக் கோத்த இன்ஜின் அப்படியே வேகும்.

முதல் ஓட்டம்

ஆயில் 2.5 லிட்டர். ஸ்பார்க் வராமல் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, சிவப்பு ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுவார்கள். புது கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால் முதல் 20 நிமிடம் ஐட்லிங்கில் விடாமல், நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 சுற்றில் ஓட்டுவது நல்லது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில் வால்வு இடைவெளியை 0.15 மி.மீ.க்குத் திருத்தி, ஆயிலை மாற்ற வேண்டும். இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டர் இல்லை. வலைச்சல்லடை மட்டுமே உண்டு, அதையும் அப்போதே கழற்றிக் கழுவ வேண்டும்.