டயலில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர்: தாம்பரம் பக்கத்துப் பாக்கெட் வாட்ச்சுகளும் உதிரிபாகமும்

பாக்கெட் வாட்ச் சென்னையின் தென்புறநகரில் ரயிலோடு ஒட்டியே வளர்ந்தது. பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் வழியாகச் சென்ற தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதையில் கார்டு, டிரைவர், ஸ்டேஷன் மாஸ்டர் என எல்லோருடைய வேலையும் நேரத்தை நம்பியே இருந்தது. அந்த நேரத்தின் மூலமும் தொலைவில் இல்லை. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகம் கணித்த மதராஸ் நேரமே நெடுங்காலம் இந்திய ரயில்களின் பொது நேரமாக இருந்தது. 1905-06-இல் இந்தியப் பொது நேரம் வந்தபோது மதராஸ் கடிகாரங்களின் முள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. 1931 மே மாதம் அதே பாதையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது.

வாட்ச் வாங்க வசதியானவர்கள் மவுண்ட் ரோட்டில் உள்ள பி.ஆர் அண்ட் சன்ஸ் கடைக்குப் போனார்கள். பம்பாயில் 1865-இல் கால் பதித்த ஃபாவ்ர் லூபா, 1880-களில் தொடங்கிய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி ஆகியவற்றின் சரக்கும் நாடெங்கும் பரவியது. பாகம் தொலைந்ததும் வருகிற முதல் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. டயலில் உள்ள பெயர் பெரும்பாலும் விற்றவருடையது, செய்தவருடையது அன்று. வெஸ்ட் எண்ட் வாட்ச்சுகள் பலவற்றுள் ஓடுவது லாஞ்சீன் இயந்திரம். ஆகவே உதிரிபாகம் தேடுபவர் டயலைக் கழற்றி, அடித்தட்டில் பொறித்த குறியையும் எண்ணையும் பார்த்தாக வேண்டும். டயலை மட்டும் நம்பித் தேடினால் அலைச்சல்தான் மிச்சம்.

பாகங்கள் தொலையும் வழி எல்லா ஊரிலும் ஒன்றுதான். சாமணத்தின் பிடி சற்று இறுகினால் போதும், கிளிக் ஸ்பிரிங் என்னும் சின்னஞ்சிறு வில் தெறித்துவிடும். அது கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் விழும். பழகிய ரிப்பேர்காரர் உடனே எழுந்திருக்க மாட்டார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, முதலில் மடியையும் சட்டை மடிப்பையும் பார்ப்பார், பிறகுதான் தரையைப் பெருக்கி, குப்பையை வெள்ளைத் தாளில் கொட்டி அலசுவார். காந்தத்தால் தேடலாம் என்றால், அது எஃகைப் பிடிக்குமே தவிர பித்தளையையும் கெம்புக்கல்லையும் பிடிக்காது. மேலும், காந்தமேறிய பாகத்தை அப்படியே பொருத்தினால் மெல்லிய சுருள்வில்லான ஹேர் ஸ்பிரிங்கும் பாதிக்கப்படலாம். அதன் சுருள்கள் ஒட்டிக்கொண்டால் வாட்ச் தாறுமாறாக முந்தி ஓடும்.

தொலைவதைவிட அதிகம் நேர்வது முறிவு. பேலன்ஸ் வீலைத் தாங்கும் அச்சின் முனையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதிர்ச்சி தாங்கும் அமைப்பு 1930-களில்தான் பரவத் தொடங்கியது என்பதால், அதற்கு முந்திய வாட்ச் கைதவறி விழுந்தால் முதலில் போவது அந்த முனைதான். புதிய அச்சைக் கைவசமுள்ள எஃகுக் கம்பியிலிருந்தே கடைந்தெடுக்கலாம். வில்லால் சுழற்றும் சிறு கடைசல் கருவியில் கம்பியைப் பொருத்தி, லென்ஸ் வழியே பார்த்துக் கடைவார்கள். அதற்கு முன் கம்பியைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, சுமார் 300 பாகை செல்சியஸில் அது நீலநிறம் பெறும்வரை மீண்டும் சூடாக்குவது வழக்கம். நீலம் தாண்டிப் போனால் எஃகு மென்மையாகிவிடும். தொழிலின் உச்சத் திறன் இப்படி அச்சைக் கடைந்தெடுப்பதுதான் என்று சொல்லலாம். மற்றவை இதற்குப் பின்தான்.

திருகு சின்னதாகத் தெரிந்தாலும் தொல்லை அதிகம். ஆங்கில வாட்ச்சுகளைப் பட்டறைக்குப் பட்டறை தனித்தனிக் கைகள் செய்தன, திருகின் மரையும் பட்டறைக்கு ஒன்றாக இருந்தது. வேறொரு வாட்ச்சின் திருகை வலிந்து முறுக்கினால் தட்டின் துளை சிதையும், பிறகு சரியான திருகு கிடைத்தும் பயனில்லை. அமெரிக்காவில் வால்தம் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும் பாகங்களுக்கு வழிகண்டது. சுவிஸ்காரர்கள் பின்னால் அதே பாதையில் நடந்தார்கள். ஒரே வகை இயந்திரமாக இருந்தால், செத்த வாட்ச் ஒன்று பல வாட்ச்சுகளுக்கு உயிர் கொடுக்கும்.

இந்த வசதியை நம்பியே இங்கே ரிப்பேர் தொழில் நெடுங்காலம் நடந்தது. பழைய சாமான்களுக்குப் பேர் போன மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும்வரை, தாம்பரம் ரயிலில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எட்டிய தூரத்தில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியதும் வெளிநாட்டுப் புது உதிரிபாகம் எளிதில் கைக்கு வரவில்லை, ஆகவே பழைய சரக்குக்கு மதிப்பு கூடியது. இப்படிப் பலமுறை பழுதுபார்க்கப்பட்ட வாட்ச் மூடியின் உட்புறத்தில் ரிப்பேர்காரர்கள் கீறிவைத்த தேதிகளும் குறிகளும் எத்தனை கைகள் அதைத் திறந்தன என்று காட்டும். பளபளப்புக்காக மூடியை உள்ளும் புறமும் தேய்க்கும் வியாபாரிகள் அந்த வரலாற்றையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள்.

1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் துணையுடன் ஹெச்.எம்.டி வாட்ச் உற்பத்தி தொடங்கியது. அதன் பாகங்கள் பழைய சுவிஸ் பாக்கெட் வாட்ச்சுகளுக்குப் பொருந்தாது. மேலும், கைக்கடிகாரம் பரவியதால் பாக்கெட் வாட்ச்சின் தேவை குறைந்தது. பிறகு குவார்ட்ஸ் வந்ததும் ரிப்பேர் என்பது பெரும்பாலும் பேட்டரி மாற்றும் வேலையாகச் சுருங்கியது. ஹெச்.எம்.டியின் கடிகாரத் தொழிற்சாலைகளும் 2016-இல் மூடப்பட்டன. இப்போது அந்த வாட்ச்சுகளுக்கும், பழைய கையிருப்பு தீர்ந்த இடத்தில், ஒன்றைப் பிரித்து இன்னொன்றை ஓடவைக்கும் வழியே பின்பற்றப்படுகிறது.